வியட்நாமில் பங்சர்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நம் ஆஸ்டின் டவுனில் இருபது வருஷமாக சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

நம் ஏரியாவில் டென்னிஸ் என்கிற தம்பி நன்றாக ஓட்டுவார். இப்போது வியட்நாம் முழுக்க ஓட்டுகிறார். தினமும் போட்டோ போட்டு, "யார் உதவியும் இல்லாத பயணம்" என்று எழுதுகிறார்.

இன்று மத்தியானம் அவரிடமிருந்து வீடியோ கால்.

"அண்ணா, பின் டயர் பங்சர். இருட்டுறதுக்குள்ள நாப்பது கிலோமீட்டர் போகணும்."

"ஒட்டிட்டுப் போப்பா."

"எப்படிண்ணா ஒட்டுறது?"

"மூணு கேமரா எடுத்துட்டுப் போனியே, அதைக் கேளு."

"விளையாடாதீங்கண்ணா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை. கடையில் நின்ற ஆறு பேரும் அவர்களாகவே எட்டிப் பார்த்தார்கள்.

டயரைக் கழற்றுவதிலிருந்து பேட்ச் ஒட்டுவது வரை செய்து காட்டினேன். தம்பி கிளம்பிவிட்டார். சாயங்காலம் போஸ்ட் வந்தது: "பங்சர். நானே ஒட்டினேன். பயணம் எல்லாம் கற்றுத்தருகிறது."

பயணம் என்றால் நான்தான். ஹார்ட் போட்டேன்.

செய்து காட்ட எடுத்தது, செயினுக்கு ஆயில் விட வந்த தபால்காரரின் சைக்கிள். நெம்பியதில் ட்யூப் நீளமாகக் கிழிந்துவிட்டது. அந்த சைஸ் ட்யூப் கடையில் இல்லை. மீதித் தபாலை நடந்தே கொடுக்கப் போனார்.

இன்று யாருக்கெல்லாம் தபால் லேட்டாக வந்தது, கீழே சொல்லுங்கள்.