அயர்லாந்துக்குப் போன லீவு

ஷார்ஜா சர்ச்சில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஸ்டெல்லா அக்கா ஊரில் இறந்துவிட்ட செய்தி வந்தது. சொன்னவர் நல்ல மனிதர்தான். ஆனால் செய்தியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. "தங்கமான நர்ஸு. அந்தக் கப்பல் காரியத்த மட்டும் செய்யாம இருந்திருக்கலாம்" என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அக்காவை நர்ஸாக மட்டும் அறிந்த உங்களுக்கு அந்தக் கப்பல் காரியத்தையே எழுதுகிறேன். மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

அக்காவும் நானும் ஒரே வார்டில் டூட்டி பார்த்தவர்கள். அவர் கணவர் லூர்து அண்ணன் அபுதாபிப் பக்கம் முசஃபாவில் வெல்டர். இருவரும் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர்கள். பிள்ளைகள் இல்லை. அண்ணன் மீசை முளைக்கும் முன்பே அப்பாவோடு கட்டுமரத்தில் ஏறி மீன்பிடிக்கப் போனவர். கடல் என்றால் அவருக்கு வேலை, இல்லாவிட்டால் பயம். எங்கள் மேட்ரன் ஓர் அயர்லாந்துக்காரி. அவர் தன் ஊர்த் துறைமுகப் படங்களை ஒருநாள் காட்டியபோது அக்கா கேட்டது ஒரே கேள்வி: "இஞ்ச கப்பல்ல போயி, ஒரு வேலையும் செய்யாம, கடல சும்மா பாத்துட்டு வர முடியுமா?" முடியும் என்றார் மேட்ரன்.

வளைகுடாவில் லீவு என்றால் ஊர். வேறு பொருள் கிடையாது. அவர்களும் அதுவரை எல்லா லீவுக்கும் ஊருக்குத்தான் போனார்கள். அவர்கள் பணத்தில் கொழுந்தன் வீட்டுக்கு மாடி எழுந்தது, நாத்தனாருக்குக் கல்யாணம் நடந்தது. அந்த வருடம் கொழுந்தன் மகனுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் விழா. அந்த லீவுக்குத்தான் இவர்கள் அயர்லாந்துக் கப்பலுக்குப் பணம் கட்டியிருந்தார்கள். கொழுந்தன் போனில் சத்தம் போட்டபோது அண்ணன் தடுமாறினார். அக்கா ரிசீவரை வாங்கினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"கொழுந்தனாரே, பிள்ளைக்கு செயின் ஆள்கிட்ட குடுத்து விடுதேன். நாங்க வரல்ல. இது எங்களுக்க லீவு."

அன்றோடு கொழுந்தன் பேச்சை நிறுத்திக்கொண்டார். "பிள்ளையில்லாத திமிரு" என்று இங்கேயும் பேசினார்கள். அக்கா அதே வாரம் ரோலா கடைத்தெருவுக்குப் போய்க் குளிருக்கு ஒரு மெரூன் கோட்டு வாங்கினார். கடை வைத்திருந்த காயல்பட்டினத்து பாய், "எந்த ஊருக்கும்மா இது? நம்மூர்ல போட்டா வெந்துருவீங்களே!" என்றார். அக்கா ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு வந்தார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கப்பல் அறையில் பெட்டியைத் திறந்தால் பால்பவுடர் டின், சோப்பு, சென்ட், தைலம்! ஊருக்குக் கட்டிக் கட்டிப் பழகிய கை, அட்டைப்பெட்டிக்கு நைலான் கயிறு சுற்றி, மார்க்கரில் பெயரும் எழுதியிருக்கிறது. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டாராம். "வெறுங்கையோட ஒரு ஊருக்குப் போவ முடியுமா?" என்றாராம் அக்கா. கோவ் துறைமுகத்தில் இறங்கியதும் மேட்ரனின் அம்மாவைத் தேடிப்போய், மாடுகள் மேயும் அந்தப் பச்சை நாட்டில் பால்பவுடரைக் கொடுத்தார்கள். அந்த அம்மா சிரிக்காமல் வாங்கி, அதிலேயே டீ போட்டுக் கொடுத்தாராம்.

இன்னொரு துறைமுகத்தில் கப்பல் கரைக்கு வர முடியாமல் ஆழத்திலேயே நின்றது. படகில் இறக்கிக் கூட்டிப்போனார்கள். கரையில் நின்றவன் கயிற்றை வீசியதும் லூர்து அண்ணன் அதைப் பிடிக்கச் சட்டென்று எழுந்துவிட்டார். அக்கா சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "இரியுங்க. நாம டூட்டில இல்ல." அதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணனுக்குக் கண் கலங்கும். தண்ணீரில் யாரும் அவரை அதுவரை உட்காரச் சொன்னதில்லை.

கோவ் துறைமுகத்திலிருந்துதான் அந்தக் காலத்தில் ஏழைகள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்களாம். போகிறவரை உயிரோடு உட்கார வைத்தே இழவு கொண்டாடி அனுப்புவார்களாம். திரும்பி வந்த அக்கா என்னிடம் சொன்னார்: "பிள்ளே, நாம போறதுக்கு அழ எல்லா ஊர்லயும் ஆளு உண்டு. நாம சிரிச்சாத்தான் பொறுக்காது." அதன்பிறகும் அவர் பணம் அனுப்பினார், ஊருக்குப் போனார். அந்த லீவுக்கு மட்டும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

நேற்று அண்ணனிடம் போனில் பேசினேன். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டருக்குக் கொழுந்தன் பட்டுச்சேலைப் படத்தை எடுத்துவைத்தாராம். அண்ணன் கேட்கவில்லை. கப்பல் தளத்தில், மெரூன் கோட்டுக்குக் கீழே சேலை பறக்க, வாய் நிறையச் சிரிக்கும் படத்தைக் கொடுத்துவிட்டார். "சாவு போஸ்டர்ல பல்லக் காட்டுத படமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். "எனக்க பெண்டாட்டி சிரிச்ச படம். ஒட்டுல மக்கா" என்றாராம் சாதுவான லூர்து அண்ணன். இப்போது ஊர்ச் சுவரெல்லாம் அக்கா சிரிக்கிறார்.

ஷார்ஜா வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிய அன்று அக்கா அந்த மெரூன் கோட்டை என் கையில் கொடுத்தார். "ஒனக்கும் ஒரு லீவு வரும்" என்றார். நானும் ஒவ்வொரு லீவுக்கும் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்கே போனேன். கோட்டு அலமாரியில் கிடந்தது.

இன்று காலை அதை எடுத்து, ரோலாத் தெருவைப் பார்த்த பால்கனியில் வெயிலில் போட்டிருக்கிறேன். கீழே போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். எந்த ஊருக்கு என்று கேட்கட்டும். சொல்கிறேன்.