டெட்லைனும் மாப்பிள்ளை வீட்டுச் சேலையும்

தையல் வேலையில் துணியைவிட, சொன்ன தேதிதான் சீக்கிரம் கிழியும். மிஷின் மிதிக்கும் சகோதரிகளுக்கு இது தெரியும். எட்டாவதோடு நின்றவள் ஓர் இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றி எழுதுகிறேன். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று உதறலாகவே இருக்கிறது. ஆனாலும் என் மகளின் நிச்சயதார்த்தம் வரை வந்து அழவைத்த வார்த்தை அது.

செவ்வாய்க்கிழமை

எங்கள் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஆபீஸ்கள் வந்த புதிதில், அங்கே டைப்பிஸ்டாக இருந்த அம்மா ஒருவர் பட்டு ரவிக்கைத் துணியைக் கொடுத்து, "செவ்வாய்க்கிழமை டெட்லைன்" என்றார். அப்படியென்றால் என்னவென்று கேட்டேன். அந்த நாள் தாண்டினால் தைத்தும் பிரயோஜனம் இல்லை என்று அர்த்தமாம். அடுப்பில் சோறு குழையக் குழையத் தைத்து முடித்தேன். செவ்வாயும் போய், அடுத்த வாரமும் போய், ஒரு நாள் நிதானமாக வந்தார்.

"கல்யாணம் அடுத்த மாசம்தாங்க. டெய்லர்கிட்ட யாராவது நெஜத் தேதியைச் சொல்வாங்களா?"

கொக்கி வைக்கும் வசந்தா

அதன்பின் பூக்காரி முதல் டீச்சர் வரை எல்லாரும் டெட்லைன் சொன்னார்கள். யார் எவ்வளவு முன்தள்ளிச் சொல்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே கழித்துக்கொள்ளப் பழகினேன். நிம்மதிதான் இல்லை. எவளாவது உண்மையைச் சொல்லித் தொலைத்தால் என்ன செய்வது? எனக்குக் கொக்கி வைத்துத் தரும் வசந்தாவிடம் புலம்பினேன். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே சொன்னாள்:

"அவங்க ஒரு பொய் சொல்றாங்க, நாம ஒரு பொய் சொல்றோம். ரவிக்கை எப்படியோ போய்ச் சேருதில்ல? வுடுக்கா."

பூட்டின கடை

மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் சேலையை முன்னாடியே கொடுத்துவிட்டார்கள்; நடுவில் எழுந்துபோய் அதைக் கட்டிக்கொண்டு வந்து அவள் சபையில் உட்கார வேண்டும். விசேஷ வேலையில் என் கால் மிஷின் பக்கமே போகவில்லை. செங்கம் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கும் லட்சுமியக்காவிடம் ரவிக்கைத் துணியைக் கொடுத்து, "வியாழக்கிழமை டெட்லைன்க்கா" என்றேன். வெள்ளி விடிந்தால் நிச்சயம். ஒரே தொழில்காரி, அவரிடம் எதற்குப் பொய்?

வியாழன் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை, நடந்தே போனேன். கடை பூட்டியிருந்தது, மலை சுற்றப் போய்விட்டாராம். அந்தக் கூட்டத்தில் எங்கே தேடுவது? துணி பூட்டுக்குள். மறுநாள் மத்தியானம்தான் கடை திறந்தார். என்னைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"நீயும் தொழில்ல இருக்கிறவ, முன்தள்ளித்தான் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன். இன்னாம்மா, நெஜமாவா சொன்ன?"

சபையில்

அதற்குள், காலையிலேயே நிச்சயம் முடிந்திருந்தது. மயில்கழுத்துக் கலர் பட்டுச் சேலைக்கு, வெளுத்துப்போன மஞ்சள் ரவிக்கையோடு என் மகள் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். தட்டு மாற்றும்போது சம்பந்தியம்மா மெதுவாகத்தான் கேட்டார், சபைக்கே கேட்டது.

"டெய்லர் வூட்டுப் பொண்ணுக்கே ரவிக்கை தைக்க ஆள் கெடைக்கலீங்களா?"

கல்யாண ரவிக்கையை யாரிடமும் கொடுக்கவில்லை; முந்தின வாரத் தேதி ஒன்றை எனக்கு நானே டெட்லைனாகச் சொல்லி, அதையும் நம்பாமல், அதற்கு முன்பே தைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.