பாதி ஆட்டுக்குத் தங்கநிற பிரேம்

நிகத் டீச்சர் அரசாங்கத்தின் பார்வையில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. கோபத்தில் முழுநேரம். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு வாரத்தில் மூன்று அரைநாள் ஸ்கூட்டரில் வருகிறார். கழுத்தில் விசில் தொங்குவதால் புதிதாக வருகிற பெற்றோர் அவரை விளையாட்டு டீச்சர் என்று நினைத்து வணக்கம் சொல்வார்கள். அவர் திருத்துவதில்லை. ஓவிய டீச்சர் என்று தெரிந்தால் அந்த வணக்கமும் கிடைக்காது.

ஓவியம் படித்துப் பட்டம் வாங்கியவர். ஆனால் பாடம் நடத்தும் முறையை அவர் கல்லூரியில் கற்கவில்லை. நாமக்கல்லில் அண்ணன் அல்தாப் நடத்தும் தார்ப்பாய்க் கடையில் கற்றார். லாரியை மூடுகிற தார்ப்பாயை அங்கே தரையில் விரித்து, நாலு பேர் நாலு பக்கம் உட்கார்ந்து தைப்பார்கள். ஒருவர் தொடங்கிய தையலை அடுத்தவர் வாங்கி முடிப்பார். மழையில் ஒழுகினால் யார் தைத்த இடம் என்று விசாரணை கிடையாது, எல்லாருக்கும் சேர்த்துத் திட்டு விழும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கலைக்கல்வி இல்லை என்று டீச்சர் முடிவு கட்டினார்.

அண்ணனிடமிருந்து பழைய தார்ப்பாய் ஒன்றை வாங்கி வந்து, வெள்ளை அடித்து, பள்ளி வராந்தாவில் விரித்தார். ஏழாம் வகுப்பு முழுவதும் அதைச் சுற்றி உட்கார்ந்தது. விசில் ஊதினால் ஒவ்வொருவரும் இடது பக்கம் ஓரிடம் நகர வேண்டும். விட்டுப்போன படத்தை அடுத்தவர் தொடர வேண்டும். தொடங்கியதை முடிக்கிற உரிமை யாருக்கும் இல்லை.

இந்த மாவட்டத்தில் பிள்ளைகளை மார்க்குக்கு வளர்ப்பது, கோழி வளர்ப்பதைப் போலவே தேர்ந்த தொழில். பிறந்ததிலிருந்து அவர்களுக்குச் சொல்லித் தருவது ஒன்றுதான்: பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்க்காதே, உன் தாளைக் காட்டாதே. அப்படி வளர்ந்தவர்களிடம் தன் படத்தை இன்னொருவன் கையில் விட்டுவிட்டு நகரச் சொன்னால் என்ன நடக்குமோ அது நடந்தது.

"டீச்சர், நான் வெள்ளாடு போட்டனுங்க. இந்த மோனிஷா அதைச் செம்மறியாக்கி வெச்சிருக்கறா" என்றான் இனியன்.

"நீ போட்டது நாயாட்டம் இருந்துச்சு. நாந்தான் ஆடாக்கி உட்டேன்" என்றாள் மோனிஷா.

"வாலாச்சும் என்ற வாலா இருக்கட்டும், தொடாத."

"வாலை எனக்கு அடுத்து வந்த நிகார் அப்பவே அழிச்சுட்டா. போய்ப் பாரு."

டீச்சர் தீர்ப்புச் சொல்லவில்லை. விசில் ஊதினார்.

ஆடி மாதம் தொடங்கிய படம் பொங்கலுக்குப் பிறகு முடிந்தது. நெடுஞ்சாலையில் நீளமான முட்டை லாரி ஒன்று நிற்கிறது. அதன் எதிரே ஓர் ஆட்டு மந்தை, அவசரமே இல்லாமல், சாலையைக் கடக்கிறது. எந்தக் கோடு யாருடையது என்று பிள்ளைகளுக்கே மறந்துவிட்டது. சண்டையும் அதோடு நின்றுபோனது. டீச்சருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: ஆண்டு விழாவன்று அந்தத் தார்ப்பாயைப் பள்ளியின் முன்சுவர் முழுக்கக் கட்ட வேண்டும், சாலையில் போகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும்.

விழாவுக்குப் புரவலர் தண்டாயுதபாணி. போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். நல்ல மனிதர், பள்ளிக்கு அவர் செய்யாத உதவி இல்லை, பெயர் எழுதாமல் செய்த உதவியும் இல்லை. "படத்தை ஐயா பிரேம் போட்டுத் தர்றேங்கறாருங்க" என்று தலைமையாசிரியர் வேலுசாமி கேட்டபோது, நிகத் டீச்சர் மகிழ்ச்சியோடு சுருட்டிக் கொடுத்தார். அத்தனை பெரிய பிரேமை எந்த வண்டியில் கொண்டுவருவார்கள் என்று மட்டும் கவலைப்பட்டார்.

விழா மேடையில் மேசையை மூடியிருந்த பட்டுத்துணியை விலக்கினார்கள். கீழே சின்னச் சின்னதாக, தங்கநிற விளிம்போடு, கண்ணாடி போட்ட பிரேம்கள். தார்ப்பாயைக் கட்டம் கட்டமாக வெட்டியிருந்தார்கள். பிள்ளைக்கு ஒரு துண்டு. லாரியின் சக்கரம் ஒரு பிரேமில், ஓட்டுநரின் மீசை இன்னொன்றில். ஒரே ஆட்டின் முன்பாதி மோனிஷா பெயரில், பின்பாதி இனியன் பெயரில். எது யாருடையது என்று தெரியாததால் வருகைப் பதிவேட்டின் வரிசையிலேயே பெயர் ஒட்டிவிட்டார்கள். பிள்ளையின் பெயர் சிறிய எழுத்தில். அன்பளிப்பு தண்டாயுதபாணி என்பது பெரிய எழுத்தில்.

"ஒவ்வொரு பெத்தவங்களுக்கும் அவங்கவங்க புள்ளையோட படம் ஊட்டுல தொங்கோணும்னு ஆசை இருக்குமல்லங்க" என்றார் புரவலர், மைக்கில். கைதட்டல் பலமாக இருந்தது.

நிகத் டீச்சர் தட்டவில்லை. அரை ஆண்டு சேர்ந்து செய்த ஒன்றை, அன்பு மிகுதியால், கத்தரிக்கோலால் தனித்தனி ஆக்கியிருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நல்லெண்ணத்தை எதிர்த்துப் பேச நம் ஊரில் மேடை நாகரிகம் இடம் தருவதில்லை.

"இது இவங்க படம் இல்லீங்க சார். துண்டு" என்று தலைமையாசிரியரிடம் மட்டும் சொன்னார்.

"விடுங்க டீச்சர். ஐயா இருக்கறாரு. போட்டோ எடுத்தாச்சுன்னா முடிஞ்சுது."

போட்டோ என்றதும் பிள்ளைகள் அவரவர் பெயர் ஒட்டிய பிரேமை மார்பில் பிடித்துக்கொண்டு அரைவட்டமாக நின்றார்கள். போட்டோக்காரர் எல்லாரையும் நேராகப் பார்க்கச் சொன்னார். நிகத் டீச்சர் விசிலை எடுத்து ஊதினார்.

யாரும் யோசிக்கவில்லை. ஆடி முதல் பழகிய உடம்பு. கையிலிருந்த பிரேமை வலப்பக்கத்துப் பிள்ளையிடம் திணித்துவிட்டு அத்தனை பேரும் இடது பக்கம் ஓரிடம் நகர்ந்தார்கள். டீச்சர் மறுபடி ஊதினார். மறுபடி நகர்ந்தார்கள். இப்போது வேண்டுமென்றே. சிரிப்பும் வந்துவிட்டது. இடது ஓரத்தில் நின்ற இனியன் மேடையிலிருந்து விழப் பார்த்து, ஓடிப்போய் மறுகோடியில் நின்றுகொண்டான்.

"ஏனுங்க டீச்சர், பேரு ஒரு பக்கம் ஆளு ஒரு பக்கம் நின்னா, எது யாருதுன்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது?" புரவலருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"அதை வெட்டறதுக்கு முன்னால கேட்டிருக்கணுங்க சார்."

போட்டோவில் ஒருவர் கையிலும் அவரவர் பெயர் இல்லை. மோனிஷாவின் அம்மா பூவாத்தாள் ஆட்டின் பின்பாதியை வீட்டுக்கு எடுத்துப்போனாள். அதில் இனியன் பேரல்லவா ஒட்டியிருக்கிறது என்று யாரோ மடக்கியதற்கு, "இருந்துட்டுப் போகட்டுங்க. இந்த ரெண்டு கால்ல ஒண்ணாச்சும் என்ற புள்ள போட்டிருப்பா" என்றாள். பக்குவமான பதில் என்று பலர் பாராட்டினார்கள். நிகத் டீச்சர் பாராட்டவில்லை. முழு ஆட்டைப் பார்த்தவருக்குப் பாதி ஆட்டில் ஆறுதல் வராது.

இந்த ஆண்டும் அல்தாப் ஒரு தார்ப்பாய் கொடுத்திருக்கிறார். டீச்சர் அதை வராந்தாவில் விரிக்கவில்லை. ஒரு கோடுகூட விழும் முன்பே, லாரிக் கயிற்றால் பள்ளியின் முன்சுவரில் இறுக்கிக் கட்டிவிட்டார். அவிழ்ப்பதற்கு அவர் அண்ணன்தான் வர வேண்டும். பிள்ளைகள் நின்றபடியே வரைகிறார்கள், விசிலுக்கு நகர்கிறார்கள். மேல்பகுதி எட்டவில்லை என்று தெரிந்ததும் தண்டாயுதபாணி ஏணி வாங்கிக் கொடுத்தார். நல்ல ஏணி. ஒவ்வொரு படியிலும் அவர் பெயர் எழுதியிருக்கிறது.