புகைபோக்கியில் ஈரச்சாக்கு

எங்கள் குசினிப் புகைபோக்கியை அடைத்தவன் நான்தான். ஊரில் எல்லோரும் அடுப்பில் பிழை என்று சொன்னபோது நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

நெடுங்கேணிக்கு அப்பால் காட்டோரம் எங்கள் வீடு. பிள்ளைகள் வெளிநாட்டில். நானும் மனைவியும் மட்டும் இருக்கிறோம். அவளுக்கு நெடுநாளாக முட்டு வருத்தம்; மூச்சு இழுக்கும். பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதால், விறகைச் சேமிக்கும் அடுப்புத் திட்டத்தை அரசாங்கம் கொண்டுவந்தபோது ஊர்ச் சார்பில் பொறுப்பாக நிற்கும்படி என்னைக் கேட்டார்கள்.

பொதுமண்டபத்தில் கூட்டம் நடந்தது. விளக்கம் சொல்ல வந்த உத்தியோகத்தர் இளம்பெண். வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். மூன்று கல் அடுப்பில் சூட்டின் பெரும்பகுதி வீணாகிறது, மூடிய அடுப்புக்குக் கொஞ்ச விறகே போதும், காடு மிஞ்சும், வானத்துக்குப் போகும் காபன் குறையும், பெண்களின் நெஞ்சும் தப்பும் என்றார். அடுப்பு இலவசம். ஆனால் பழைய அடுப்பை உடைத்துவிட வேண்டும். கடைசியில், தேவையில்லாத விளக்குகளை அணைத்துப் பழகுங்கள் என்றும் சொன்னார்.

"பிள்ளை, லைற் நூர்க்கவோ எங்களுக்கு வகுப்பு?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். "அதில நாங்கள் எல்லாரும் பட்டதாரியள்."

மண்டபம் சிரித்தது. ஏனென்று விளங்காமல் அந்தப் பெண்ணும் சிரித்தார்.

பிறகு ஒரு அம்மா எழும்பி, "அப்ப புகை எங்காலை போகும்?" என்று கேட்டார்.

"குழாயால கூரைக்கு மேல போயிடும் அம்மா."

சிரிப்பு நின்றுவிட்டது. போர்க்காலத்தில் இரவு விளக்கைப் போலவே கூரைக்கு மேல் எழும் புகையும், இங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று வானத்துக்குக் காட்டிக்கொடுக்கும். உளவு பார்க்கும் விமானத்தை நாங்கள் வண்டு என்போம். அதன் இரைச்சல் கேட்டால் அடுப்பை மறைக்க வேண்டும். இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் மனைவி மரத்தின் கீழ் குழி வெட்டிச் சமைப்பாள். நான் ஈரச்சாக்கைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்பேன். அதுதான் என் வேலை. இரைச்சல் கேட்டதும் சாக்கை நெருப்பின்மேல் போடுவேன்.

அன்று மண்டபத்தில் அந்த மௌனத்தைக் கலைத்தவனும் நானே. "இப்ப ஆர் மேல இருந்து பாக்கினம்? அந்தக் காலம் முடிஞ்சுது. சும்மா பயந்து சாகாதேங்கோ" என்றேன். என் பேச்சை நம்பித்தான் பலர் சம்மதித்தார்கள்.

முதல் அடுப்பு எங்கள் வீட்டில். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்து மேசன் ஒருவர் கட்டித் தந்தார். குழாய் பின்சுவரால் வெளியேறிக் கூரை விளிம்புக்குச் சற்று மேலே நின்றது. அவர் நெருப்பு மூட்டிக் காட்டி, "பாருங்க சேர், உள்ள சொட்டுப் புகை இல்ல" என்றார்.

மனைவிக்குப் புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. "இனிக் கதவைச் சாத்திப்போட்டுச் சமைப்பன். புகைக்குப் பயந்து திறந்துவைச்சு உந்தக் குரங்குகளுக்குச் சோறு போட்டது காணும்."

அப்படித்தான் ஒரு முற்பகல் கதவையும் யன்னலையும் சாத்திவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடியில் நின்றேன். அப்போது அந்த இரைச்சல் கேட்டது.

எனக்கு யோசனை எதுவும் வரவில்லை. கை தன் வேலையைச் செய்தது. கிணற்றுக்கட்டில் கிடந்த சாக்கை வாளிக்குள் தோய்த்தேன். தண்ணீர்த் தொட்டிக் கட்டில் ஏறிக் குழாயின் வாய்க்குள் அதைத் திணித்தேன். இறங்கி வாழைகளுக்குப் பின்னால் குந்தி, காதுகளைப் பொத்திக்கொண்டேன்.

கைகளை எடுத்தபோது மேளச்சத்தம் கேட்டது. அடுத்த ஒழுங்கையில் கலியாண வீடு. படம் பிடிக்க வந்தவர்கள் சின்ன ட்ரோன் ஒன்றை மேலே விட்டிருக்கிறார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. யாராவது பார்த்திருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். சாக்கு நினைவுக்கு வரவில்லை. நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில் உள்ளே அவள் மூச்சுக்குத் தவித்திருக்கிறாள்.

பலகாரம் கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பெண்தான் கதவைத் தள்ளித் திறந்து கத்திக் குளறினாள். நான் ஓடிவந்தேன். இருவருமாக மனைவியை இழுத்து வெளியே கிடத்தினோம். மூடிய அறையில் நெருப்பு மூச்சுத் திணறும்போது என்ன வாயு உண்டாகும் என்று எத்தனையோ வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். அவளுடைய உதடுகளின் நிறத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதைவிடக் கேவலமானது அடுத்துச் செய்தது. ஆட்டோ வாசற் படலையில் நின்று ஹோன் அடித்தது. அவளோடு ஏறாமல் நான் பின்பக்கம் ஓடினேன். சாக்கை இழுத்தெடுத்து விறகுக் குவியலுக்குள் செருகிவிட்டுத்தான் வந்து ஏறினேன்.

அவள் பிழைத்தாள். இனிமேல் புகை படவே கூடாது என்று டொக்டர் சொன்னார். ஊரில் கட்டி முடிந்திருந்த மற்றப் புது அடுப்புகளையும் யாரும் மூட்டவில்லை. மேசன் வந்து குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்கயோ என்ட கைப்பிழைதான் சேர்" என்று முகத்தைத் தொங்கப்போட்டார். நான் "பார்ப்பம்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "உந்தச் சனியனை உடையுங்கோ. நான் மூண்டு கல்லு வைச்சே சமைக்கிறன்" என்று நின்றாள். சொன்னபடி முற்றத்தில் கல் வைத்தாள். நான் ஊதுகிறேன் என்றாலும் விடவில்லை. குனிந்து ஊதும்போதெல்லாம் இருமினாள். ஒவ்வொரு இருமலையும் அடுத்த மூச்சு வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லாவிட்டால் இந்தப் புகை அவளைக் கொன்றுவிடும். சொன்னால், தன்னைக் கொல்லப் பார்த்த கை எதுவென்று அவளுக்குத் தெரிந்துவிடும். இரண்டுக்கும் பயந்தேன்.

அடுப்பை உடைக்க மேசன் அலவாங்கோடு வந்தார். மனைவி குசினி வாசலில் கதிரை போட்டு இருந்தாள். அவர் அலவாங்கை ஓங்கியபோது என் வாய் தானாகத் திறந்தது.

"பொறும். அடுப்பில பிழையில்லை. குழாய்க்குள்ள சாக்கை அடைச்சது நான்."

மேசன் அலவாங்கை நிலத்தில் ஊன்றினார். மனைவி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வண்டு எண்டு நினைச்சியளோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கும் கேட்டது. எரியிற அடுப்புக்குள்ள தண்ணியை ஊத்திப்போட்டன். அதாலதான் புகைஞ்சதெண்டு நினைச்சன். ஆருக்குச் சொல்லுறது? அடுத்தமுறையும் ஊத்துவன் எண்டுதான் உடைக்கச் சொன்னனான்."

மேசன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா இருக்கீங்க ரெண்டு பேரும்! நா இங்க ராவெல்லாம் தூங்காம கெடந்தேன்" என்றார். கோபம்தான். ஆனாலும் அலவாங்கைச் சுவரோடு சாத்தி வைத்தார்.

உத்தியோகத்தரிடமும் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப மற்ற வீடுகளிலயும் இப்பிடி நடக்கலாமோ சேர்?" என்று கேட்டார். நடக்காது என்று சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த கூட்டத்தில், பயந்து சாகாதேங்கோ என்று சொன்ன அதே வாயால் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் கேலி செய்யவில்லை. அதுவும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

இப்போது மனைவி மீண்டும் அந்த அடுப்பில்தான் சமைக்கிறாள். கதவைச் சாத்துவதில்லை. குரங்கு வந்தால் வரட்டும் என்கிறாள். புகை கூரைக்கு மேலே நிமிர்ந்து போகிறது. நான் குழாய்ப் பக்கம் திரும்பினால் உள்ளிருந்து குரல் வரும்.

"எங்கை போறியள்? என்ரை கண்ணுக்கு முன்னால இருங்கோ."

அவள் சமைத்து முடியும்வரை வாசற்படியில் இருக்கிறேன். இரண்டு கைகளையும் அவளுக்குத் தெரியும்படி மடியில் வைத்துக்கொள்கிறேன்.