மார்கழியில் வந்த பொங்கல்

எங்கள் ஊருக்கு அந்த வருடம் பொங்கல் இரண்டு முறை வந்தது. ஒன்று, எல்லா ஊருக்கும் வருவதுபோல் தை பிறந்ததும் வந்தது. இன்னொன்று அதற்குச் சில நாட்கள் முன்னதாக, மார்கழியிலேயே, சென்னையிலிருந்து ஏ.சி. பஸ்ஸில் வந்து இறங்கியது.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கணியம்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கு மூத்தவரான என் பெரியப்பா அந்தச் சமயம் ஊராட்சியில் பொறுப்பில் இருந்தார். வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கிராமத்துப் பொங்கலைக் காட்ட எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சென்னையிலுள்ள ஒரு பயண நிறுவனத்திலிருந்து அவருக்குப் போன் வந்தது. காலையில் வேலூர்க் கோட்டையைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் ஊருக்கு வருவார்கள். பொங்கல் வைப்பதைப் பார்த்து, சாப்பிட்டு, கும்மி பார்த்துவிட்டு மாமல்லபுரத்து நாட்டிய விழாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களுடைய விமானம் தைக்குக் காத்திருக்காது என்பதால் பொங்கலைத்தான் கொஞ்சம் முன்னால் நகர்த்த வேண்டியிருந்தது.

மார்கழியில் பொங்கல் வைப்பதாவது என்று ஊரில் முணுமுணுத்தார்கள். பெரியப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். “வெள்ளக்காரனுக்கு மார்கழி இன்னா, தை இன்னா?”

ஊரைப் பார்வையிட முன்கூட்டியே வந்த வழிகாட்டி இளைஞருக்குத்தான் பெரிய ஏமாற்றம். எல்லா வீடும் மாடி வீடு. எல்லா வாசலிலும் ஒரு மொபெட். ஓலைக்கூரை போட்டதென்று எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த மாட்டுக்கொட்டகை ஒன்றுதான் மிச்சம். அதனால் எங்கள் வீட்டை ஒட்டிய காலியிடத்திலேயே விழா என்று முடிவாயிற்று. வழிகாட்டி சொன்னபடி மொபெட்டுகள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒளிக்கப்பட்டன. டிராக்டரைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மாட்டுவண்டி பக்கத்து ஊரிலிருந்து மினி லாரியில் ஏறி வந்தது. வருடம் முழுக்கக் குக்கரில் பொங்கல் வைத்தவர்கள் மண்பானை வாங்கினார்கள். கும்மி பழகியவர்கள் ஊரில் குறைந்துபோயிருந்ததால், பாட்டைப் பென்டிரைவில் போட்டு ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதற்குக் கை தட்டினால் போதும் என்று ஒத்திகை நடந்தது. ஸ்பீக்கருக்குக் கரண்டு எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் போனது.

கும்மி நன்றாகத் தெரிந்த ஒருத்தி எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். என் அத்தை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். பள்ளியில் படிக்கும்போது கும்மிப் பாட்டுக்கென்று பரிசெல்லாம் வாங்கியவள் என்பார்கள். அவளை ஆம்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அதற்கு முந்தைய ஆடியில் ஒரு பெட்டியோடு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அங்கே அவள் வீட்டுக்காரருக்கு வேறொரு குடும்பம் இருந்ததெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது, அத்தை இனி எங்களோடுதான் தூங்குவாள், எனக்கு இரட்டைச் சடை போட்டுவிடுவாள் என்பது மட்டும். அவள் தெருவுக்குப் போவதில்லை, கடைக்குப் போவதில்லை, கல்யாணம் காதுகுத்து எதற்கும் வருவதில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். எந்நேரமும் வீட்டில் இருக்கும் அத்தை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

யார் யார் கும்மிக்கு நிற்பது என்று பேச்சு வந்தபோது, அம்மா பெரியப்பாவிடம் சாதாரணமாகச் சொல்வதுபோல், “பாப்பாவ நிக்க வெச்சா பாட்டுப் பொட்டியே தேவையில்ல மாமா,” என்றாள்.

பெரியப்பா கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். “வேணாம்மா. அது உள்ளயே இருக்கட்டும். நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. அப்பறம் அதுக்குத்தான் பேஜாரு.”

“மார்கழியில வெக்கிற பொங்கலுக்கு இன்னா சாங்கியம், சம்பிரதாயம் மாமா?”

“நீ சும்மா இரும்மா.”

அத்தை சமையலறையில் பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. அம்மா சும்மா இருந்துவிட்டாள்.

அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்தாள். விடிந்தால் வேன் வந்துவிடும். அதிர்ந்து பேசி யாரும் பார்த்ததில்லை. அவள் சும்மா இருந்தால் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

பஸ் வந்த நாளன்று அம்மா லீவு போட்டிருந்தாள். காலையிலேயே அத்தையைத் தலைக்குக் குளிக்கச் சொன்னாள். பச்சைப் பட்டுச் சேலையை எடுத்துக் கொடுத்து, “மடிப்புலயே கிடந்தா கிழிஞ்சுடும், கட்டிக்க,” என்றாள். அத்தை அதைக் கட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். பட்டுச் சேலையில் தண்ணீர் காட்டுகிறாளே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

பயணிகள் இறங்கினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாங்கள் வரிசையில் நின்று மனப்பாடம் செய்த வரவேற்பைச் சொன்னோம். நெற்றியில் பொட்டு வைத்தோம், கழுத்தில் சாமந்தி மாலை போட்டோம். அதற்கே அவர்கள் கண் கலங்கினார்கள். பானை பொங்கியபோது “பொங்கலோ பொங்கல்” என்று அவர்களும் கத்தினார்கள். எங்களைவிட நன்றாகவே கத்தினார்கள். இலையில் சாப்பிட்டார்கள். கரும்பை எப்படிக் கடிப்பது என்று என்னிடம்கூட ஒருவர் கேட்டார்.

பெரியம்மாவும் மற்ற பெண்களும் வட்டமாக நின்று, ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்ததும் அம்மா என் தோளைத் தொட்டாள். பயணிகளில் தொப்பி போட்டு, மூக்கு நுனி வெயிலில் சிவந்துபோன ஒரு வயதான அம்மாளைக் காட்டினாள். அந்த அம்மாள் பொங்கல் நடந்த நேரமெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு, எதைப் பார்த்தாலும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவங்களக் கூட்டினு போயி நம்ம கன்னுக்குட்டியக் காட்டு.”

கன்றுக்குட்டி பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது. அதை ஒரு வெள்ளைக்காரருக்குக் காட்டும் உரிமை எனக்கு மட்டும் கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. நான் போய் அவர் கையைப் பிடித்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்தேன். “கம். கௌ.”

அவர் வந்தார். கொட்டகையில் அத்தை கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஒதுங்கப் பார்த்தாள். அதற்குள் அந்த அம்மாள் மண்டியிட்டுக் கன்றின் நெற்றியைத் தடவ ஆரம்பித்துவிட்டார்.

அப்போது பாட்டு நின்றது.

நான் நின்ற இடத்திலிருந்து எங்கள் வீட்டு ஜன்னல் தெரிந்தது. அம்மா ஸ்பீக்கர் வயரைப் பிளக்கிலிருந்து உருவிக் கையில் வைத்திருந்தாள். மிக்ஸி போடப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அம்மா வயரைக் கீழே போட்டுவிட்டு நேராகக் கொட்டகைக்கு வந்தாள். கும்மி நடந்த பக்கம் ஒரே குழப்பம். கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக நிறுத்திவிட்டார்கள். பெரியம்மா வாயால் பாட முயன்று இரண்டு வரியோடு நின்றுபோனது கேட்டது. வழிகாட்டி, “கரண்டா, ஸ்பீக்கரா, இன்னாங்க ஆச்சு?” என்று அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

அம்மா அந்த அம்மாளிடம் அத்தையைக் காட்டினாள். தன் தொண்டையைத் தொட்டாள். கை தட்டிக் காட்டினாள். “சாங். இவ குட் சாங்,” என்றாள்.

அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. எழுந்து அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கும்மி வட்டத்தின் பக்கம் கை நீட்டி ஏதோ சொன்னார்.

“அண்ணி, வேணாம். பெரியண்ணன் இருக்குது,” என்றாள் அத்தை.

“நான் கூப்புடல பாப்பா. ஊட்டுக்கு வந்தவங்க கூப்புடறாங்க. முடியாதுன்னு நீயே அவங்க பாஷையில சொல்லிடு.”

அத்தைக்கு அவர்கள் பாஷை தெரியாது. அந்த அம்மாளுக்கும் எங்கள் ஊரில் யார் எந்த வட்டத்தில் நிற்கலாம், நிற்கக்கூடாது என்பதெல்லாம் தெரியாது. அவர் அத்தையை இழுத்துக்கொண்டு நடந்தார். அத்தையின் இன்னொரு கை என் கையில் இருந்தது. அதை நானாகப் பிடித்தேனா, அவள் பிடித்துக்கொண்டாளா என்பது நினைவில்லை.

பச்சைச் சேலையில் அத்தை வெளிச்சத்துக்கு வந்ததும் பேச்செல்லாம் அடங்கியது. ஆடி மாதத்துக்குப் பிறகு ஊர் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெரியப்பா மாட்டுவண்டிப் பக்கத்தில் நின்றிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் பயணிகள் எல்லோரும் வழிவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு, அந்த அம்மாளோடு சேர்ந்து கை தட்டத் தொடங்கியிருந்தார்கள். விருந்தாளிகள் முன்னால் எதையும் சொல்ல முடியாது. வட்டத்தில் யாரும் அசையவில்லை. அத்தை போய் நிற்க இடமே இல்லை. பிறகு பெரியம்மா, யாரையும் பார்க்காமல், ஓர் அடி தள்ளி நின்றாள்.

அந்த இடத்தில் அத்தை நின்றாள். அந்த அம்மாளும் அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பாலாற்றில் புதுத்தண்ணீர் வருவதைப் பார்க்கப் பெண்கள் கூட்டமாகப் போவதைப் பற்றிய பாட்டு அது. பாலாற்றில் நான் மணலைத் தவிர வேறொன்றைப் பார்த்ததில்லை. முதல் வரியில் அத்தையின் குரல் உடைந்தது. மறுபடி ஆரம்பித்தாள். மூன்றாவது வரிக்குள் மற்றவர்கள் வாங்கிப் பாடத் தொடங்கினார்கள். அந்த அம்மாள் தாளம் தப்பித் தட்டினார். அத்தை பாடிக்கொண்டே அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, எங்கே குனிய வேண்டும், எங்கே தட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். இருவரும் சிரித்துவிட்டார்கள். அத்தை சிரித்து நான் வெகுநாளாகப் பார்த்திருக்கவில்லை. பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுப்புப் புகை அந்தப் பக்கம் அடிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் கிளம்பும்போது அந்த அம்மாள் அத்தையின் கைகளைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். வழிகாட்டி ஆட்களை ஏற்றுவதில் மும்முரமாக இருந்ததால் மொழிபெயர்க்க ஆளில்லை. அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட எங்களில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்று எனக்கு இதே துறையில்தான் வேலை. எந்த மாதம் எந்த ஊருக்குப் போனால் என்ன பார்க்கலாம் என்று வெளிநாட்டவருக்கு எழுதித் தருகிறேன். சென்னையின் மார்கழிக் கச்சேரிகள், திருவையாற்று இசை விழா, மாமல்லபுரத்து நாட்டியம், கிராமத்துப் பொங்கல். பயணிகளுக்காக ஜோடிக்கப்பட்ட விழாக்களைக் கேலி செய்யும் நண்பர்கள் எனக்கு உண்டு. நானும் சேர்ந்து சிரிப்பேன். தார்ப்பாய்க்கு அடியில் ஒளிந்திருந்த டிராக்டரை நான் மறக்கவில்லையே. ஆனாலும், ஒன்றும் தெரியாமல் வந்து ஒரு கையைப் பிடித்து இழுத்துவிட்டுப் போன அந்த அம்மாளை நினைக்கும்போது, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனம் தானாகவே சொல்கிறது. அத்தை அந்த மாசியிலேயே அம்மாவோடு கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். இப்போது அவள் அங்கே சூப்பர்வைசர். அம்மாவிடம் அந்த வயரைப் பற்றிக் கேட்டால், “அது லூசு பிளக்குடி,” என்பாள்.

நிஜப் பொங்கலன்று நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். விடிந்து கொஞ்ச நேரத்தில் பெரியப்பா வேட்டி சட்டையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அம்மா கூப்பிட்டும் காபி வேண்டாம் என்றார். செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாகக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, உள்பக்கம் பார்த்துச் சொன்னார்.

“பாப்பா, கும்மிக்கு ஆளுங்க நிக்கிறாங்க. நீ வந்தாத்தான் ஆரம்பிப்பாங்களாம். வந்துடும்மா.”

சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். அத்தை என் சடையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தாள். அப்பா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் தெருவுக்கு ஓடி இரண்டு பக்கமும் பார்த்தேன். பஸ்ஸைக் காணவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவிடம் ஓடிவந்து கேட்டேன்.

“வெள்ளக்காரங்க யாரும் வர்லியேம்மா. அத்தை யாருக்கு ஆடிக் காட்டப் போவுது?”

பாதிச் சடையோடு நின்ற என்னை அம்மா பிடித்து இழுத்து, முடியை மூன்றாகப் பிரித்து, வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னினாள். வலிக்கிறது என்றேன். அதையும் அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.