ஐந்தாம் தளத்து மூச்சு

அந்த அலுவலகக் கட்டடத்தில் அவளை ‘ஏசி அக்கா’ என்பார்கள். ஊர்வம்பு முழுக்க அவள் வாயில்தான். மொட்டைமாடியில் தளத்துக்கு ஒன்றாக நிற்கும் காற்று இயந்திரங்கள் அவள் பொறுப்பு. அவற்றுக்குள் அடுக்கடுக்காகத் தகடுகள். தகடுகளின்மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஒரு பூச்சு. பக்கத்துக் குழாயில் குளிர்நீர் ஓடினால், நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை அந்தப் பூச்சு பிடித்துக்கொள்ளும். சுடுநீர் ஓடினால் விட்டுவிடும். அந்த வாயு ஓர் உருளையில் போய்ச் சேரும். சேர்ந்த அளவை மீட்டர் காட்டும்.

ஐந்தாம் தளம் காலியாகிப் பல மாதங்கள். கதவில் பூட்டு. ஜன்னல்கள் திறக்கவே முடியாதவை. பூஞ்சை பிடிக்கக் கூடாதென்று இயந்திரத்தை மட்டும் ஓடவிட்டிருந்தார்கள். ஆனாலும் மீட்டர் ஏறியது.

“எங்கயாவது ஓட்டை இருக்கும்க்கா” என்றார் சூப்பர்வைசர்.

இண்டு இடுக்கெல்லாம் அடைத்துப் பார்த்தாள். மீட்டர் அசரவில்லை. சரியாக ஓர் ஆள் விடும் மூச்சின் அளவு. திடீரென ஒருநாள் அது இரண்டு மடங்கானது.

“இப்ப ரெண்டு ஆளு சார்.”

“பேய்க்கு ஏதுக்கா மூச்சு?” சிரித்தபடி சாவியை நீட்டினார். கூட வரவில்லை.

பட்டப்பகல்தான். இருந்தும் டார்ச்சை எடுத்துக்கொண்டாள். உள்ளே போய், சுவரிலிருந்த சுவிட்சில் இயந்திரத்தின் விசிறியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள். அலமாரிக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கும் சத்தம். எட்டிப் பார்த்தாள். வேலை போன லிஃப்ட்காரர், போர்வையும் கையுமாக.

“அண்ணே! நீங்களா? மாசக்கணக்கா இங்கயா இருக்கீங்க?”

“இல்லம்மா, முந்தாநேத்துதான் வந்தேன். மருமக கூடச் சண்டை. பழைய சாவி கையில இருந்துச்சு.”

“அப்ப முன்னாடி இருந்தது யாரு?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “உனக்கும் தெரியுமா? மூஞ்சிய நான் பாக்கல. படுத்தா, பக்கத்துலயே மூச்சு மட்டும் கேக்குது.”

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். அன்றே தன் வீட்டு மாடியறையில் தங்கவைத்தாள். மறுநாள் மீட்டர் பழையபடி ஓர் ஆளுக்கு இறங்கியிருந்தது.

ஒரு வாரம் கழித்து, ஐந்தாம் தளத்து இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. சுவிட்ச்வரை போன கையை அவள் இழுத்துக்கொண்டாள்.

“வேணாம் சார். மூச்சு முட்டும்.”

“யாருக்குக்கா?”

அவள் மீட்டரை நோக்கி விரலை நீட்டினாள். சூப்பர்வைசரும் தானாகப் போய் இயந்திரத்தை நிறுத்தவில்லை.