அவர் தொடங்குவார், நான் முடிப்பன்

எங்கட மாதா காரில வரேக்கை முன் சீற்றில பெல்ட் போட்டுக்கொண்டுதான் வருவா. சிரிக்காதேங்கோ, உண்மை. எங்கட செபமாலைக் கூட்டத்துக்கு ஒரு மாதா சுருவம் இருக்கு, அவவின்ர சிலை. கிழமைக்கு ஒரு வீடாப் போய்த் தங்கும். பக்கத்து ஊர் ட்ருகனினாவில இருந்து டார்னெய்ட்டில எங்கட வீட்டுக்கு வாற அந்தத் துண்டுத் தூரத்துக்கு, கூட்டத் தலைவி சுருவத்தைப் பட்டுத்துணியால சுத்தி, முன் சீற்றில நிப்பாட்டி, பெல்ட்டைக் குறுக்கால இழுத்து மாட்டிக்கொண்டு வருவா. அவவின்ர புருசன் பாவம், பின் சீற்றில பற்றிஸ் பலகாரத் தட்டை மடியில வச்சுக்கொண்டு இருப்பார். உலகத்தையே காக்கிறவ எண்டு பாட்டுப் பாடுறது, ஒரு ரவுண்டபவுட்டில மட்டும் அவவை நம்பேலாது.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மோள்தான் எழுதுறாள். "அம்மா, தலைவி வாசிச்சால் கோவிப்பா" எண்டுறாள். கோவிக்கட்டும். நீ எழுது பிள்ளை.

செபமாலை தெரியாத ஆக்களுக்கும் சொல்லுறன். ஒராள் 'அருள் நிறைந்த மரியே' எண்டு தொடங்கிப் பாதியில விடுவார். மற்ற ஆக்கள் மிச்சப் பாதியைச் சொல்லி முடிக்கவேணும். மாலையின்ர ஒவ்வொரு மணிக்கும் அப்பிடித்தான். கலியாணம் கட்டின நாளில இருந்து எங்கட வீட்டில இவர் தொடங்குவார், நான் முடிப்பன். அதுக்கு முதல் என்னைப் பெத்த ஐயா தொடங்குவார், நாங்கள் பிள்ளையள் முடிப்பம். என்ர சீவியத்தில நான் ஒருநாளும் தொடங்கினதில்லை. ஊரில சண்டைக்காலத்தில பங்கருக்குள்ள, மேல செல் கூவிக்கொண்டு போகேக்கையும் இவர்தான் தொடங்கினவர். எனக்குப் பல்லுக் கிட்டி வார்த்தை வராது. "சொல்லுமப்பா, சொல்லும்" எண்டு முழங்கையால இடிப்பார். இஞ்ச வந்த பிறகும் அதுதான். பின்னேரம் கறி கொதிக்க, இவர் ஹோலில இருந்து தொடங்குவார், நான் குசினியில அகப்பையோட நிண்டு முடிப்பன். உப்புப் பார்க்கேக்கை கொஞ்சம் பிந்தும். அதுக்கும் பேச்சு விழும்.

போன வருசம் ஒரு காலமை, குப்பை பின்னை, அந்தப் பெரிய தொட்டியை, றோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனவர், பின்னோட சேர்ந்து விழுந்துபோனார். ஸ்ரோக். ஆஸ்பத்திரிப் பிள்ளையள் உயிரைக் காப்பாத்திப்போட்டினம், அவையள் நல்லா இருக்கவேணும். ஆனா வலக்கையும் போச்சு, கதையும் போச்சு. "இது… இது…" எண்டு மட்டும் வரும். தண்ணிக்கும் இது, தலையணைக்கும் இது. என்னை எப்பவும் "இஞ்சாரும்" எண்டு கூப்பிடுற மனுசன், என்னையும் "இது" எண்டார்.

பிறகு வந்திச்சினம் பாருங்கோ, ஆறுதல் சொல்ல! பிளாஸ்ரிக் டப்பாவில புட்டும் இடியப்பமும் கொண்டு வந்திச்சினம். அது நல்லது, சாப்பிட்டனாங்கள். வாயை மூடிக்கொண்டு தந்திருந்தால் இன்னும் ருசியா இருந்திருக்கும். ஒருத்தி, புது வீட்டை மந்திரிக்காமல் குடிவந்தது பிழை எண்டாள். பாதர் வந்து மந்திரிக்க, இவளும் வந்து நிண்டு றோல்ஸ் திண்டவள், அது மறந்துபோச்சு. இன்னொருத்தி, ஆண்டவர் தான் நேசிக்கிற ஆக்களைத்தான் சோதிப்பார் எண்டாள். "அப்ப உன்னை அவருக்குக் கண்ணிலயும் காட்டக்கூடாது போல. உனக்கு ஒரு தடிமன் காய்ச்சல் கூட வரேல்லையே" எண்டன். மோள் கையில கிள்ளினாள். தலைவி எல்லாரையும் விடத் திறம். கதிரையை இவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, "அங்கிள், விசுவாசம் கடுகளவு இருந்தாக் காணும், எழும்பி நடக்கலாம்" எண்டா. மனுசன் அவவைப் பார்த்து "இது" எண்டார். என்ன கருத்தில சொன்னாரோ, நான் என்ர கருத்தில எடுத்துக்கொண்டன்.

ஆனா எனக்குள்ள நடந்ததை நான் உவையளுக்குச் சொல்லேல்லை. பின்னேரம் செப நேரம் வரும். வீடு சத்தமில்லாமல் கிடக்கும். நான் தொடங்கலாம், வார்த்தை தெரியும். தொடங்கினால் ஆர் முடிக்கிறது? பாதியில நிண்டு, ஒரு சத்தமும் வராமல் இருக்கிறதைக் கேக்க எனக்குத் தைரியம் இல்லை. செல்லுக்குள்ள இருந்து காப்பாத்தினது, இஞ்ச கொண்டுவந்து குப்பை பின்னோட விழுத்தவோ எண்டு ஆண்டவரில சரியான கோவம். கோவமெண்டாலும் பரவாயில்லை. ஒருநாள் வெங்காயம் உரிக்கேக்கை, அங்க ஒருத்தருமே இல்லையோ, இவ்வளவு காலமும் நாங்கள் ரெண்டு பேரும் எங்களுக்குள்ளதான் கதைச்சனாங்களோ எண்டு ஒரு நினைவு வந்திச்சு. கத்தியைக் கீழ வச்சிட்டன். கோவிக்கிறதுக்கும் ஒராள் வேணுமெல்லோ!

அதுக்காக விட்டிட்டுப் போனனோ? இல்லை. புருசனோட கோவமெண்டால் கதையை நிப்பாட்டுவம், சோத்தைப் போட்டுக் குடுப்பம். அப்பிடித்தான் இதுவும். ஒவ்வொரு பின்னேரமும் மெழுகுதிரியைக் கொளுத்தி, செபமாலையைக் கையில வச்சுக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தனான். மெழுகுதிரி எண்டாலும் அது பற்றறி மெழுகுதிரி. முதல் உண்மையானதைக் கொளுத்தினன், ஸ்மோக் அலாரம் கத்தி, மருமோன் தும்புத்தடியோட ஓடிவந்து தட்டி நிப்பாட்டினவர். பேந்து கடையில இந்தப் பிளாஸ்ரிக் சாமானை வாங்கித் தந்தார். சுவிச்சைப் போட்டால் நடுங்கும், சுவாலை மாதிரி. ஆண்டவரும் நானும் கோவமாத்தானே இருக்கிறம், இப்போதைக்கு அவருக்கு இது காணும் எண்டு விட்டிட்டன்.

அப்பதான் தலைவியின்ர கோல் வந்தது.

"அன்ரி, அடுத்த கிழமை உங்கட முறை. ஆனா நாங்கள் கதைச்சனாங்கள், இந்தமுறை சுருவத்தை மற்ற வீட்டுக்குக் கொண்டுபோவம் எண்டு."

"ஏன் பிள்ளை?"

"இல்லை அன்ரி… நீங்கள் கூட்டத்துக்கும் வாறேல்லை. விசுவாசத்தில தளர்ந்துபோனியள் எண்டு கதைக்கினம். அப்பிடியான வீட்டில…"

"நான் தளர்ந்தால் மாதாவுக்கு என்ன, காய்ச்சல் தொத்துமோ? கொண்டு வாரும். பெல்ட்டைக் கழட்டிவிட மறந்துபோகாதேயும்."

நான் விசுவாசத்தில கூப்பிட்டனான் எண்டு நினைக்காதேங்கோ. ரோசத்தில கூப்பிட்டனான்.

அந்தப் பின்னேரம் ஹோல் நிறையச் சனம். சுருவத்தை மேசையில வச்சு, பூ வச்சு, என்ர பற்றறி மெழுகுதிரியையும் போட்டுவிட்டினம். எங்கட கூட்டத்தில ஒரு வழக்கம், வீட்டுத் தலைவர்தான் முதல் மணியைத் தொடங்கவேணும். தலைவி சுத்திவரப் பார்த்து, பெருமூச்சு விட்டு, "அங்கிளுக்கு ஏலாதுதானே, அவருக்குப் பதிலா நான் தொடங்குறன்" எண்டு தொண்டையைச் செருமினா. இவர் வீல்செயாரில, அந்தச் சில்லுக் கதிரையில, இடக்கையில செபமாலையோட, தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தார். அந்தக் குனிஞ்ச தலையைப் பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு. உவ ஆர் இவருக்குப் பதிலா?

"நீர் இரும் பிள்ளை. இது எங்கட வீடு. நான் தொடங்குறன்."

தொடங்கிப்போட்டன். குரல் வெளியில வந்ததோ உள்ள போனதோ தெரியாது. பாதி வந்ததும் நிண்டன். நான் தொடங்குவன் எண்டு ஒருத்தரும் எதிர்பார்க்கேல்லை, எல்லாரும் ஆளையாள் பார்க்கினம், ஒருத்தரும் பிடிக்கேல்லை. நான் பயந்த அதே சத்தமில்லாமை. அதுக்குள்ள, சில்லுக் கதிரையில இருந்து இவர் மிச்சப் பாதியைச் சொன்னார். முழுக்க. திக்காமல், தடக்காமல், ஆமென் வரைக்கும். கொஞ்சம் தடிச்ச நாக்கு, ஆனா இவரின்ர குரல்தான்.

பிறகு பார்க்கவேணுமே கூத்தை! "அற்புதம், அற்புதம்" எண்டு தலைவி கத்திறா. "நான் இந்தக் கிழமை முழுக்கச் சாப்பிடாமல் ஒருசந்தி இருந்தனான், அதின்ர பலன்" எண்டு அழுறா. ஒருசந்தி இருந்த ஆள் அரை மணித்தியாலத்துக்கு முதல் குசினியில நிண்டு என்ர பற்றிஸைச் சூடோட திண்டதை நான் கண்டனான். ஃபோனைத் தூக்கி இவரின்ர மூஞ்சைக்கு முன்னால பிடிச்சு, "அங்கிள், யேசுவே நன்றி எண்டு சொல்லுங்கோ. ஞாயிறு பூசையில போட்டுக் காட்டுவம்" எண்டா.

"இது…" எண்டார் இவர். "இது… இது…" முகம் சிவந்துபோச்சு.

ஃபோன் மெல்லக் கீழ இறங்கிச்சு. "விசுவாசம் இன்னும் கொஞ்சம் வேணும் போல" எண்டா, எங்களைப் பார்த்து.

"ஃபோனைப் பையுக்குள்ள வையும்" எண்டன். "ஒரு மணிதான் முடிஞ்சிருக்கு. மிச்சம் கிடக்கு. முழங்காலில நில்லும்."

நிண்டா. மிச்சம் முழுக்க நான் தொடங்க, இவர் முடிச்சார். மற்றவை பின்னால இழுபட்டு வந்திச்சினம்.

பேந்து, கதைக்கப் பழக்க வாற வெள்ளைக்காரப் பெட்டைக்கு மோள் இதைச் சொன்னவள். அது புதினமில்லையாம். காலம் காலமாச் சொல்லிப் பழகினது மூளையில வேற இடத்தில கிடக்குமாம், பாட்டும் செபமும் சில ஆக்களுக்கு வருமாம், அதுக்காக மற்றக் கதை வரும் எண்டில்லையாம். மோள் இதை என்னட்டைப் பயந்து பயந்து சொன்னாள், நான் உடைஞ்சுபோவன் எண்டு. எனக்குச் சிரிப்பு வந்திச்சு. அற்புதம் இல்லையெண்டால் போகட்டும், தலைவிக்குத்தான் நட்டம். எல்லாம் பறிபோன வீட்டில களவுபோகாமல் ஒண்டு கிடந்திருக்கு, அது இதுதான். அதை அங்க வச்சது ஆர், வச்சுக் காத்தது ஆர் எண்டு நான் அந்தப் பெட்டையோட வாதாடப் போகேல்லை. எனக்குத் தெரியும். கோவம் இன்னும் போகேல்லை, அதையும் எழுது. ஆனா இப்ப கோவத்தை வாய் திறந்து சொல்லுறன், ஆள் இருக்கிற இடத்தில சொல்லுற மாதிரி.

சுருவம் பெல்ட் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டுது. இவருக்குத் தண்ணி இன்னும் "இது"தான். நேற்றுப் பின்னேரம் குழம்பு அடிப்பிடிக்கப் பார்த்து நான் குசினியில நிண்டிட்டன், செப நேரம் போனது தெரியேல்லை. ஹோலுக்குள்ள டக்கு டக்கு எண்டு கேக்குது. எட்டிப் பார்த்தன். மனுசன் செபமாலைக் குருசால கதிரைக் கையில தட்டிக்கொண்டு, "இது! இது!" எண்டு பேசுறார், முந்தி நான் பிந்தினால் பேசுற அதே முகத்தோட.

"வாறன், வாறன், பொறுங்கோ" எண்டு அடுப்பை நிப்பாட்டிப்போட்டு ஓடிப்போய்த் தொடங்கினன்.